வீடு எந்த நேரத்தில் சுடுகிறது? வன்னி வீடுகளின் வெக்கைக்கு அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சுவிஸில் இருக்கிற என் மச்சானுக்கு வேலையே வீட்டுத் தரைக்குள் குழாய் பதித்து அதற்குள் சுடுதண்ணீர் ஓடவிடுவதுதான். அங்கே குளிருக்கு அப்படித்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள். போன ஆவணியில் கிளிநொச்சிக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றபோது, இரவு எட்டரை மணிக்கு அம்மாவின் அறைச் சுவரில் கையை வைத்தவன் உடனே எடுத்துவிட்டு, தன் பையில் இருந்த அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்தான். 38 பாகை செல்சியஸ். "நாங்கள் அங்க ஆக்கள் புழங்கிற இடத்தில தரையை 29 பாகைக்கு மேல போக விடுறேல்லை. நீங்கள் இந்தச் சுவரோட கட்டிலைப் போட்டு அம்மாவைப் படுக்க வைச்சிருக்கிறீங்கள்" என்றான். எனக்கு அது நன்றாகவே உறைத்தது. பதினைந்து வருசமாக மேசன் வேலையும் சீலிங் வேலையும் செய்கிறவன் நான், ஆனால் அம்மா "நித்திரை வருதில்லை" என்று சொன்னபோதெல்லாம் ஃபானைக் கூட்டி வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அவன் கேட்ட அடுத்த கேள்வி, வீடு எந்த வருசம் கட்டினது என்பது. புதுவீட்டுக்குச் செய்வதைப் பழைய வீட்டுக்குச் செய்தால் பிழைத்துவிடுமாம், அதனால் வயதைக் கேட்காமல் அவர்கள் ஒரு குழாயைக்கூட இறக்கமாட்டார்களாம். வெக்கையை இறக்குவதற்கும் அதே கேள்விதான் முதல் கேள்வி என்பது அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது. இரண்டாவது கேள்வி, எத்தனை மணிக்குச் சுடுகிறது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் சீலிங்குக்கோ ஏசிக்கோ காசைக் கொடுக்காதீர்கள்.

ஒரு நாள் மட்டும் மினக்கெடுங்கள். காலை எட்டில் இருந்து இரவு பத்து வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நாலு சுவரையும், தரையையும், ஏணி வைத்து எட்டினால் கூரையின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். துவக்கு மாதிரிப் பிடித்து அளக்கிற கருவி கிடைத்தால் நல்லது. கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்குப் பிடிக்கிற கருவி பெரும்பாலும் உடம்புச் சூட்டு எல்லைக்குள் மட்டும்தான் காட்டும், அது இதற்கு உதவாது. கை போதும், கை பொய் சொல்லாது.

காலை பத்து மணிக்கே தலைக்கு மேல் கொதிக்கிறது, பொழுதுபட்டதும் தணிந்துவிடுகிறது

இது கூரை. தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ போட்டு, சீலிங் இல்லாமல் இருக்கிற வீடு. சீற்று மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்காது, வெயில் பட்ட கையோடு சுட்டு வெயில் போனதும் ஆறிவிடும். காற்று சூடாவதைவிட, சீற்றின் அடிப்பக்கம் அடுப்புத் தணல் மாதிரி நேரே எங்கள் உச்சந்தலையில் அடிப்பதுதான் பெரிய உபத்திரவம். யன்னல் எல்லாம் திறந்திருந்தும் தலை மட்டும் கனக்கிறது என்று ஆட்கள் சொல்வது அதனால்தான். உறுதி செய்ய, மத்தியானம் ஒரு கடதாசி மட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உடனே சுகமாக இருந்தால் குற்றவாளி கூரைதான்.

கிளிநொச்சி பூமத்திய கோட்டுக்கு ஏறக்குறைய 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருக்காலும் ஆவணி நடுப்பகுதியில் இன்னொருக்காலும் மத்தியானச் சூரியன் சரியாக எங்கள் உச்சிக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பெரிதாகச் சரியாது, ஆனியில்கூட வடக்கே பதினாலு பாகைதான். ஆகவே வருசத்தின் கொடும் வெயில் முழுதும் விழுகிற இடம் கூரை. காசு கொஞ்சமாக இருந்தால் அதை முதலில் கூரையில் போடுங்கள்.

செய்யக்கூடியது மூன்று. முதலாவது வெள்ளை அடிப்பது. கூரைக்கென்றே வருகிற வெள்ளைப் பூச்சு புதிதில் வெயிலின் எண்பது வீதம் வரை திருப்பி அனுப்பும், ஊத்தை பிடிக்கப் பிடிக்கக் குறையும், ஆகவே ஒவ்வொரு மாரியும் முடிய ஒருக்கால் கழுவ வேண்டும். காசைப் பார்த்துத் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், சுண்ணாம்பு துத்தநாகத்தைத் தின்னும், இரண்டு மாரியில் துருப்பிடித்துவிடும். சுண்ணாம்பு கொங்கிறீற்றுக்கும் சுவருக்கும்தான். மழைத்தண்ணீர் பிடிக்கிற வீடென்றால் பூச்சுக் காய்ந்த பிறகு வருகிற முதல் மழைகளைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே விடுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பாசி பிடித்த பழைய சீற்றைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கிறைண்டரால் வெட்டவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, மெல்லிய விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, உருளையால் பூசுங்கள். சீற்றின் மேல் நேரே ஏறி நடக்காதீர்கள், கீழே கைமரம் போகிற இடத்தில் பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். பழைய சீற்று காலுக்குக் கீழே சொல்லாமல் உடையும்.

இரண்டாவது, கூரைக்கு அடியில் அடிக்கிற அலுமினிய ஃபொயில். பளபளப்பான அந்தச் சுருளைக் கடையில் வாங்கிக் கொண்டுவந்து சீற்றோடு ஒட்ட அடிக்கிற வேலையை நானே என் தங்கச்சி வீட்டில் செய்தேன், ஒரு பாகைகூட இறங்கவில்லை. ஃபொயில் வேலை செய்வது அதற்குப் பக்கத்தில் காற்று இடைவெளி இருந்தால் மட்டும்தான். ஃபொயிலுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஆகக் குறைந்தது ஓர் அங்குலம் விடுங்கள், பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசு படிந்து நாளாக நாளாகச் செத்துவிடும், கீழே பார்த்தால் தூசு நிற்காது. தங்கச்சி வீட்டில் கழற்றி, கைமரத்தின் அடிப்பக்கமாக ரீப்பை அடித்து அதில் திருப்பிப் பூட்டினேன், மத்தியானம் இரண்டு மணிக்குக் குழந்தையை அந்த அறையில் படுக்கப் போடக்கூடியதாக வந்தது.

மூன்றாவது சீலிங். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம் அதுதான்.

பகலில் பரவாயில்லை, இரவு எட்டு மணிக்குப் பிறகு அறை அவிகிறது

இது சுவர், அல்லது சிலாப். எங்கள் அம்மாவின் அறை இந்த வகை. ஆறங்குலச் சீமெந்துக் கல்லில் கட்டின சுவர் வெளிப்பக்கம் வாங்கின சூட்டை உள்ளுக்குக் கொண்டுவர நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் மூன்று, நாலு மணி வெயிலை மேற்குச் சுவர் குடிக்கிறது, இரவு எட்டு மணிக்கு, நாங்கள் பாயை விரிக்கிற நேரத்துக்கு, அதை அறைக்குள் விடுகிறது. மச்சான் தரைக்குள் குழாய் விட்டுச் செய்கிற அதே வேலையைச் சுவர் செய்கிறது.

2009க்குப் பிறகு கட்டின திட்ட வீடுகளில் இதை அதிகம் காண்கிறேன். 2012 இல் தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, ஆகக் குறைந்தது 550 சதுர அடி. அந்தக் காசுக்கு எங்கள் சனம் தாங்களே கல்லரிந்து, தாங்களே மேசனுக்குக் கையாளாக நின்று கட்டி முடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே வரைபடத்தைக் காணிக்குக் காணி றோட்டைப் பார்த்து நிறுத்தினால், றோட்டுக்கு இந்தப் பக்கத்து வீட்டில் அறை கிழக்கே விழும், எதிர்ப் பக்கத்து வீட்டில் அதே அறை மேற்கே விழும். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வீட்டில் நித்திரை வருகிறது, மற்ற வீட்டில் வருவதில்லை. காசைச் சேமிக்கத் தாவாரத்தையும் ஒன்றரை அடியோடு நிறுத்தினதால் சுவர் முழுக்க வெயிலில் நிற்கிறது.

இதற்கு உள்ளுக்குள் செய்கிற எந்த வேலையும் அரை வேலைதான். சூடு கல்லுக்குள் போக முதலே வெளியில் மறிக்க வேண்டும். ஆகத் திறமான மருந்து மேற்குச் சுவருக்கு ஒன்றரை அடி தள்ளிக் கட்டுகிற மறைப்பு: கிடுகோ, பனையோலையோ, தோட்டத்துக்குப் பாவிக்கிற பச்சை நிழல் வலையோ எதுவும் சரி. சுவரோடு ஒட்டக் கட்டாதீர்கள், இடையில் காற்று ஓட வேண்டும். கிடுகு நிலத்தில் முட்டினால் கறையான் ஏறி அப்படியே சுவர் வழியாகக் கூரை மரத்துக்குப் போகும், ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். அம்மாவின் அறைக்குப் பழைய கிடுகு இருபதும் நாலு தடியும்தான் செலவு. அடுத்த கிழமை அதே எட்டரை மணிக்கு அளந்தேன், 33 பாகை. ஐந்து பாகை இறங்கினது பெரிதில்லை, அம்மா அன்றைக்கு விடியும்வரை எழும்பாமல் படுத்ததுதான் எனக்குப் பெரிது.

ஆறுதலாகச் செய்யக்கூடியது பந்தலும் மரமும். பாகல், கோவை, பாஷன் புரூட் என்று எதையாவது ஏற்றுங்கள், முருங்கை ஒரு வருசத்தில் நிழல் தரும், ஆனால் கொப்பு முறியும், கூரைக்கு மேல் சாயவிடாதீர்கள். வேம்பு வைத்தால் அத்திவாரத்துக்கு இருபது அடியாவது தள்ளி வையுங்கள். சுவருக்கு வெள்ளையோ இளநிறமோ அடியுங்கள். இப்போது கடும் சிவப்பும் கடும் நீலமும் அடிக்கிற ஆசை வந்திருக்கிறது, கிழக்கு முகப்புக்கு ஆசை தீர அடித்துவிட்டு மேற்கை மட்டும் வெள்ளையாக விடுங்கள்.

மேலே கொங்கிறீற் சிலாப் போட்ட புதுவீடு என்றால், நாலு சுவரும் ஆறி நிலம் மட்டத்தில் நல்ல காற்று வந்தாலும் மேல்கூரை நடுச்சாமம் வரைக்கும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், தெரியும். மேலே வெள்ளைப் பூச்சு, வசதி இருந்தால் அதற்கு மேல் இடைவெளி விட்டு ஒரு சீற்றுப் பந்தல். சோளகம் அடிக்கிற வைகாசியில் இருந்து ஆவணி வரை காற்று நன்றாகக் காய்ந்திருக்கும், பின்னேரம் ஐந்து மணிக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் அது ஆவியாகிற வேகத்தில் சிலாப் குளிரும். ஆனால் அதே காலத்தில்தான் கிணறுகள் வற்றுகின்றன. உங்கள் கிணற்றைப் பார்த்து முடிவெடுங்கள், கழுவின தண்ணீரை ஊற்றினாலும் போதும்.

சீலிங் அடித்த பிறகு முன்னையைவிட மோசம்

சீலிங்குக்கும் சீற்றுக்கும் நடுவில் சூடு அடைபட்டுவிட்டது. மத்தியானம் சீற்றில் இருந்து வருகிறதை சீலிங் மறித்துக்கொண்டு, பின்னேரம் முழுக்க மெல்ல மெல்ல அறைக்குள் விடும். பழைய ஓட்டு வீடுகளுக்கு இது முக்கியம். கிளிநொச்சியில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கத்துக் குடியேற்றத் திட்ட வீடுகளில் சிலதையும், வவுனியாவில் சில நாற்சார வீடுகளையும் திருத்தப் போயிருக்கிறேன். ஓட்டுக்கு ஓடு இருக்கிற நீக்கலால் அந்தக் கூரை மூச்சு விடும், சூட்டுக்காற்று முகட்டால் தானாகப் போகும். தூசு விழுகிறது, வௌவால் வருகிறது என்று கீழே பொலித்தீனை விரித்து, எல்லா நீக்கலையும் சாந்தால் அடைத்து, அதற்குக் கீழே சீலிங்கும் அடித்தால் அறுபது வருசம் சுகமாக இருந்த வீடு அந்த வருசமே அவியத் தொடங்கும்.

சீலிங்கைக் கழற்றத் தேவையில்லை, திறப்பு விடுங்கள். சீலிங் பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் திறப்பு என்பது நல்ல கணக்கு, 550 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய மூன்றரை, நாலு சதுர அடி. பாதி கீழே தாவாரத்தில், பாதி மேலே முகட்டுக்குக் கீழ் வருகிற முக்கோணச் சுவரில். கீழே மட்டும் விட்டால் காற்று ஓடாது, மேலே மட்டும் விட்டாலும் ஓடாது. எல்லாத் திறப்புக்கும் நெருக்கமான கம்பி வலை அடியுங்கள், அணில் போனால் வயரைக் கடிக்கும், அணிலைத் தேடிப் பாம்பு போகும். மழைச்சாரல் அடிக்கிற வாடைப் பக்கத்துத் திறப்புக்குச் சரிவுத் தகடு வேண்டும். முகட்டைத் திறந்து வேலை செய்தால் அந்தச் சீற்றுகளைத் திரும்பப் பூட்டும்போது ஆணியை நம்பாமல் கொழுக்கியும் வொஷரும் போட்டு இறுக்குங்கள், 2020 டிசம்பரில் புரெவி புயல் வடக்கைக் கடந்த இரவை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஃபானைப் போட்டால் சுடுகாற்று வருகிறது

சீலிங் இல்லாத சீற்று வீட்டில் முகட்டடியில் தேங்கி நிற்கிற சூட்டைத்தான் மேலே தொங்குகிற ஃபான் கீழே இழுக்கிறது. பகலில் நிலத்தில் வைக்கிற ஃபானைப் பாவியுங்கள். இரவில் வெளியே ஆறின பிறகு அதை யன்னலில், வெளியே பார்த்தபடி வையுங்கள், உள்ளே இருக்கிற சூட்டைத் தள்ளும், மற்றப் பக்கத்து யன்னலால் குளிர்ந்த காற்று தானாக வரும். சோளகம் தென்மேற்கில் இருந்து வருகிறது, ஆகவே இரவில் தெற்கு யன்னலையும் எதிர்ப்பக்கம் வடக்கையோ கிழக்கையோ சேர்த்துத் திறக்க வேண்டும், ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது. நுளம்புக்குப் பயந்து பூட்டுகிறோம் என்றால் வலை அடிக்கிற செலவு ஏசியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மண் வீடுதான், முன்பு குளிர்ச்சி, இப்போது இருக்க முடியவில்லை

கூரையை மாற்றினீர்களா? பனையோலையோ வைக்கோலோ வேய்ந்திருந்ததைக் கழற்றிவிட்டு மீள்குடியேற்றத்தில் தந்த தகரத்தைப் போட்ட வீடுகள் முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஒரு முழம் தடித்த மண்சுவரில் ஒரு பிழையும் இல்லை, அது இருக்கிற எல்லாச் சுவரிலும் திறமான சுவர், பகல் சூடு உள்ளே வந்து சேர முதல் பொழுது பட்டுவிடும். அதை இடித்துவிட்டுச் சீமெந்துக் கல் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். தகரத்துக்கு மேல் ஓலையை மெல்லிசாக வேய்ந்து கம்பியால் இறுக்குங்கள், மழையைத் தகரம் பார்க்கும், வெயிலை ஓலை பார்க்கும். குசினிப் பக்கம் மட்டும் வேண்டாம், பொறி பறக்கும். சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் பூசாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டு மண் உதிரும், களியோ சுண்ணாம்போ போதும்.

2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தபோது எங்கள் பொறியியலாளர்களும் சனமும் எதிர்த்துச் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த வெயிலுக்கு அது பொருந்தாது என்பது. மண்சுவரில் வளர்ந்த எங்கள் கிழவிகளுக்கு அதை ஒருவரும் விளக்கத் தேவைப்படவில்லை.

தரை சுடுகிறது

வீட்டுக்குள் தரை சுடுவது குறைவு, நிலம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். சுட்டால் இரண்டே காரணம்: கதவால் வெயில் நேரே விழுகிறது, அல்லது முற்றத்துக்குக் கொங்கிறீற்றோ கல்லோ பதித்துவிட்டீர்கள், அதன் சூடு விறாந்தையால் ஏறுகிறது. முற்றத்தை மணலாக விடுங்கள், பின்னேரம் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

விடியப்புறம் சீற்றில் இருந்து சொட்டுகிறது, மாபிள் வியர்க்கிறது

இது வெக்கை இல்லை, ஆனால் வெக்கைக்குச் செய்த வேலையால் வந்ததோ என்று கேட்கிறார்கள். தை, மாசி விடியலில் வானத்தைப் பார்த்திருக்கிற சீற்று வெளிக் காற்றைவிட அதிகம் குளிர்ந்து, வீட்டுக்குள் இருக்கிற ஈரம் அதன் அடியில் பனியாகப் படிகிறது. மேலே சொன்ன முகட்டுத் திறப்பு இதற்கும் மருந்து.

மாபிள் ஈரமாவது இரண்டு வகை. ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து நாலு ஓரமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு மேலே ஈரம் என்றால் மாரிக் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது, மழை நாளில் ஃபானை ஓடவிட்டால் காயும். கீழே ஈரம் என்றால் நிலத்தில் இருந்து வருகிறது. தரை போடும்போது கீழே பொலித்தீன் விரிக்கவில்லை என்று பொருள், குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கிட்டின காணிகளில் இது அதிகம். மாபிளை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை, முதலில் வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்காமல் பீலி போட்டு ஓடவிடுங்கள், ஒரு மாரி பாருங்கள்.

ஏசி பூட்டியும் குளிரவில்லை

சுவருக்கும் சீற்றுக்கும் நடுவில் கை போகிற இடைவெளி இருக்கும், அதால் குளிர் வெளியே போகிறது, கூரை அடிப்பது அப்படியே இருக்கிறது. ஏசிக்காரர் வந்து பெரியது பூட்டச் சொல்வார். அதற்கு முதல் அந்த ஓர் அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, சீலிங்குக்கு மேலே திறப்பு விட்டு, மேற்குச் சுவருக்குக் கிடுகு கட்டி, ஒரு கிழமை ஏசியைப் போடாமல் படுத்துப் பாருங்கள். நான் இப்படிச் செய்து கொடுத்த ஐந்து வீடுகளில் மூன்றில் அந்த ஏசி இப்போது பங்குனி, சித்திரையில் மட்டும்தான் ஓடுகிறது.